இது எந்த இடம், தம்பி?

மருந்துக் கடையின் பச்சைக் கதவைத் திறந்து, சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தி, தனுஷிகா கதிரையில் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாலேஸ்வரி வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாத்தவும் இல்லை, வாசலிலேயே சரித்துப் போட்டாள். காலில் தோட்டத்துச் செம்மண் ஈரமாக ஒட்டியிருந்தது.

“எடி பிள்ளை, நேற்றுப் போட்ட படத்தை அழி.”

“எந்தப் படம் அக்கா?”

“என்ரை தோட்டத்துப் படமடி. வெங்காயம் கட்டுற படம். இப்ப அழி, என்ரை கண்ணுக்கு முன்னாலை அழி.”

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அந்தப் படங்களை எடுப்பது தனுஷிகாதான் என்று தெரிந்த மூன்று நான்கு பேரில் பாலேஸ்வரி ஒருத்தி. மற்றவர்களுக்கு அது முகநூலில் வரும் ஒரு பக்கம், அவ்வளவுதான். பெயர் இல்லை, முகம் இல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு படம் வரும். நேற்றையது இருநூற்றுப் பன்னிரண்டாவது. டெங்குக் காய்ச்சலில் ஆசுப்பத்திரியில் கிடந்த நாளிலும் சேலைன் போத்தலுக்குள்ளால் வந்த வெளிச்சத்தைப் படம் எடுத்துப் போட்டவள் அவள். பகல் முழுக்கக் குளிசை எண்ணிக் கொடுத்து, “சாப்பாட்டுக்குப் பிறகு” என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெண்ணுக்கு, அந்த ஆறு மணிதான் வாய் திறக்கும் நேரம்.

படத்தின் கீழே கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சனம் வந்து நிற்கும். பெரும்பாலும் ஒரே கேள்விதான். “இது எந்த இடம், தம்பி?” கமரா வைத்திருக்கிறவர் தம்பியாகத்தான் இருப்பார் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. இடத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்லுவாள். எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலின் எந்தப் பக்கம், எந்தப் பனையிலிருந்து எத்தனையாவது வளவு என்று ஒருவருக்கும் விடாமல் சொல்லுவாள். தூர இருந்து ஏங்குகிற ஆட்களுக்கு அதைவிட என்ன கொடுக்க முடியும் என்பது அவளுடைய எண்ணம்.

“ஏன் அக்கா? நீங்கள்தானே எடு எண்டு சொன்னனீங்கள்?”

“என்னைக் கேட்டனி. உதயகலாவைக் கேட்டனியோ?”

உதயகலா. பாலேஸ்வரியின் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவள். வன்னிப் பக்கத்திலிருந்து நாலு வயதுப் பெண்பிள்ளையோடு வந்து பத்து மாதமாகப் பாலேஸ்வரியின் பின் அறையில் இருக்கிறாள். நேற்றுக் காலை மற்றப் பெண்களோடு குந்தியிருந்து, வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரோ சொன்ன பகிடிக்கு அவள் தலையைச் சரித்துச் சிரித்த நேரத்தில், வெயில் வெங்காயத் தாளுக்குள்ளால் வந்து அவள் கன்னத்தில் விழுந்தது. தனுஷிகா அதைத்தான் எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டிலும் அதுதான் திறமான படம் என்று இரவு நினைத்துக்கொண்டு படுத்தவள்.

“அவளின்ரை புருசன் விடியக் காத்தாலை அவளின்ரை தங்கச்சிக்குப் போன் எடுத்திருக்கிறான்,” என்றாள் பாலேஸ்வரி. அவளுடைய குரல் இறங்கிவிட்டது. “‘உன்ரை கொக்கா வெங்காயம் கட்டுறா, நல்ல வடிவாச் சிரிக்கிறா, போய்க் கூட்டிக்கொண்டு வாறன்’ எண்டானாம். அந்தப் பெட்டை அழுதுகொண்டு எங்களுக்கு எடுத்தது. அவன் ஏழரைக்கே மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிட்டிட்டான்.”

தனுஷிகா மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு பத்து.

“போன தரம் கூட்டிக்கொண்டு போய் அவளின்ரை முதுகிலை சுடுதண்ணி ஊத்தினவன். பொலிசுக்குப் போனவள்தான். சேர்ந்து வாழச் சொல்லி அனுப்பிப் போட்டினம். இந்த முறை கொண்டு போனானெண்டால் ஆள் மிஞ்சாது, தெரியுமோ?”

படத்தை அழிக்க ஒரு நொடி போதும். ஆனால் அழிப்பதற்கு முன் கீழே எழுதியிருந்தவற்றை அவள் பார்த்துவிட்டாள். ‘கவிநிலா அப்பா’ என்று ஒரு பெயர். பிறந்தநாள் தொப்பி போட்ட சின்னப் பிள்ளையின் முகம். “மனசுக்கு நல்லாயிருக்கு. இது எந்த இடம், தம்பி?” அதற்குக் கீழே அவளுடைய பதில்: “உரும்பிராய் கிழக்கு, பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கத் தோட்டம்.” பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

“பிள்ளைக்கு என்ன பேர், அக்கா?”

“கவிநிலா. ஏன்?”

தனுஷிகா போனைத் திருப்பிக் காட்டினாள். பாலேஸ்வரி வாசித்துவிட்டு அவளை அடிக்கப் போகிறவள் மாதிரி ஒருதரம் பார்த்தாள். அடிக்கவில்லை. தனுஷிகா படத்தை அழித்தாள்.

“என்ரை தம்பியின்ரை லொறி பக்கத்திலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிட்டுது. பத்து மணிக்கு முன்னம் வராது. பஸ் எண்டால் சந்தியிலை நிக்கோணும், அவன் வாறதும் அந்தச் சந்தியாலைதான். ஓட்டோவிலை ஏத்தினால் ஓட்டோக்காரன் பத்துப் பேருக்குச் சொல்லுவான். பிள்ளை வேறை நேசறிப் பள்ளிக்கூடத்திலை. பத்து மணி மட்டும் உவனை எப்பிடியும் தோட்டத்துப் பக்கம் வரவிடப்படாது. உன்னாலை வந்தது, நீ பார்.”

அவள் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

படம் அழிந்துவிட்டது என்று ஆறுதல்படவும் முடியவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற தியாகராசா என்பவர் அதைத் தன்னுடைய பக்கத்தில் தனியாகப் போட்டு, “நான் ஓடி விளையாடின மண்” என்று எழுதியிருந்தார். நூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். அங்கே இப்போது இரவு பதினொரு மணிக்குக் கிட்ட. தனுஷிகா யோசிக்காமல் அழைப்பை அழுத்தினாள். முன்பின் தெரியாத ஒருவரோடு அவள் தானாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணை, நான் அந்தப் படம் எடுக்கிற ஆள்.”

“எடியே, நீர் பொம்பிளைப் பிள்ளையோ! தம்பி எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும்…”

“அண்ணை, அந்த வெங்காயப் படத்தை அழியுங்கோ. அதிலை இருக்கிற பிள்ளையை அடிச்சுக் கொல்லத் தேடி ஒருத்தன் வாறான்.”

அந்தப் பக்கம் எதையோ தட்டுகிற சத்தம் வந்தது. “அழிச்சிட்டன்,” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “பிள்ளை, என்னட்டை ஒருத்தர் கேட்டவர். தோட்டம் ஆரின்ரை எண்டு. நான் தம்பையா அண்ணையின்ரை தோட்டம் எண்டு எழுதிப் போட்டன். குழந்தைப் படம் போட்ட ஆள். நல்ல மனிசன் எண்டு நினைச்சன்.”

தம்பையா தோட்டத்தை விற்றுவிட்டு எப்போதோ செத்துப்போன ஆள். தியாகராசாவின் தலைக்குள் உரும்பிராய் அவர் கப்பலேறிய வருடத்திலேயே நின்றுவிட்டது. அது எவ்வளவு பெரிய உதவி என்று தனுஷிகாவுக்கு அப்போது விளங்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு அவன் வந்தான்.

மடிப்புக் கலையாத நீலச் சேட்டு, நெற்றியில் திருநீறு. மோட்டச்சைக்கிளை நிழலில் விட்டுவிட்டு, செருப்பை வாசலில் கழற்றலாமா என்று யோசித்து, பிறகு போட்டுக்கொண்டே ஏறினான். கடைக்குள் முதலாளி முத்துக்குமாரு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அருமைநாயகி பிறஷர்க் குளிசைக்கு நின்றாள். அவள் வெள்ளிக்கிழமைகளில் தனுஷிகாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் பாடுகிறவள்.

“தங்கச்சி, இஞ்சை படம் எடுக்கிற தம்பி ஒருத்தர் வேலை செய்யிறாரோ?”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எல்லாப் படமும் பாத்தனான். பதினேழு படத்திலை இந்த வாசல் வருது. மழை பெய்யேக்கை ஒண்டு. பூனை படுத்திருக்க ஒண்டு. இந்தப் பச்சைக் கதவு, அங்காலை அந்த மின்கம்பம். உங்கை, நீங்கள் இருக்கிற இடத்திலை இருந்துதான் எடுத்திருக்கிறார்.”

தனுஷிகா வாசலைப் பார்த்தாள். பெயரும் முகமும் இல்லாவிட்டால் தன்னை ஒருவருக்கும் தெரியாது என்று இருந்தவள். தான் எத்தனை மணிக்கு எங்கே நிற்பாள், எந்த ஒழுங்கையால் வீட்டுக்குப் போவாள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு நாளும் தானே எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவன் முதலாளியின் பக்கம் திரும்பினான். “ஐயா, பிள்ளையார் கோயில் இஞ்சை நாலைஞ்சாம், பின்னாலையெல்லாம் தோட்டமாம். தம்பையாவின்ரை தோட்டம் எது? சந்தியிலை நாலு பேரைக் கேட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

“தம்பையாவோ? எந்தத் தம்பையா?” முத்துக்குமாரு உசாராகிவிட்டார். ஊரில் எவருடைய வளவு எங்கே முடிகிறது என்று கேட்டால் அவருக்குச் சாப்பாடும் வேண்டாம். “படம் இருக்கோ தம்பி? காட்டும் பாப்பம்.”

அவன் போனை நீட்டினான். அழிக்கப்பட்ட படம் அதில் பத்திரமாக இருந்தது. உதயகலா சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரு கண்ணைச் சுருக்கினார், போனைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். “பொறும், கண்ணாடியை எடுக்கிறன்,” என்று மேசை லாச்சியை இழுத்தார்.

“ஐயா, தேட வேண்டாம்,” என்றாள் தனுஷிகா. “உந்தப் படம் நான் எடுத்தது.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“நீயோ?” என்றார் முத்துக்குமாரு.

“ஓம். உது உரும்பிராய் இல்லை. புத்தூர்.”

அவன் சிரிக்கவில்லை. “உரும்பிராய் எண்டு நீங்கள்தானே எனக்கு எழுதினனீங்கள். கோயிலும் சொன்னனீங்கள். நீங்கள் இடத்திலை பிழை விடுறேல்லை எண்டு அதிலை எல்லாரும் எழுதியிருக்கினம்.”

“பிழை விடேல்லை. வேணுமெண்டுதான் மாத்தி எழுதினனான்.”

“ஏன்?”

ஏன்? அவளிடம் காரணம் ஒன்றும் இல்லை. அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்க்கிற ஆளுக்குச் சின்னப் பொய் போதாது என்று அவளுக்குப் பட்டது. இந்த ஊரில் ஒரு பெண் பொய்யாகச் சொல்லவே மாட்டாள் என்று எல்லோரும் நம்புகிற விசயம் ஒன்றுதான் இருக்கிறது. அருமைநாயகி குளிசைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றாள்.

“ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்,” என்றாள் தனுஷிகா. “வீட்டிலை கடைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் புத்தூருக்குப் போனனான். தனியப் போகேல்லை. ஒரு ஆளோடை. இடத்தைப் போட்டால் வீட்டிலை பிடிச்சிடுவினம் எண்டு மாத்திப் போட்டன்.”

முகம் பற்றி எரிந்தது. அந்த எரிவு நடிப்பு இல்லை. அருமைநாயகியின் கை மெல்ல வாய்க்குப் போனது. அதைப் பார்த்துத்தான் அவன் நம்பினான் போலிருக்கிறது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது.

“ஓ, அப்பிடியோ. பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் ஒருத்தருக்கும் சொல்லன். புத்தூரிலை எவடம்?”

“சந்திக்குப் போய் எனக்கு எழுதுங்கோ. அங்கை இருந்து சொல்லுறன், இஞ்சை இருந்து சொன்னால் விளங்காது.”

மோட்டச்சைக்கிள் கிளம்பிப் போனது. அருமைநாயகி மிச்சக் காசையும் வாங்காமல் இறங்கிப் போனாள். அவள் போன வேகம் எந்த வீட்டுக்கு என்று தனுஷிகாவுக்குத் தெரியும்.

முத்துக்குமாரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“கண்ணாடி இல்லாட்டியும் எனக்குத் தெரியும். உது பாலேஸ்வரியின்ரை தோட்டம். பின்னுக்குத் தெரியிற நீலத் தண்ணித் தொட்டி, நான் வித்த தொட்டி. சொல்ல வாயெடுத்தனான், நீ முந்தியிட்டாய். ஏன் பொய் சொன்னனி?”

அவள் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேப்பரை மடித்தார், விரித்தார்.

“அப்ப நீ ஒருத்தனோடையும் புத்தூருக்குப் போகேல்லை?”

“இல்லை ஐயா.”

“ஞாயிற்றுக்கிழமை?”

“வீட்டிலை உடுப்புத் தோய்ச்சனான், ஐயா.”

“சரி,” என்றார். ஆனால் அந்தச் சரி அரைச் சரிதான்.

ஒன்பதே முக்காலுக்கு முதல் செய்தி வந்தது. “சந்திக்கு வந்திட்டன்.”

தனுஷிகா புத்தூரை மனதில் விரித்தாள். அறுபத்தோராவது நாள் அங்கே போயிருக்கிறாள், பிறகு நூற்று முப்பதாவது நாளும். எந்த ஒழுங்கை எங்கே முட்டுகிறது, எந்த மதில் எங்கே இடிந்திருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியும். “பருத்தித்துறை றோட்டாலை நேர போங்கோ. இடது பக்கம் வேம்புக்குக் கீழை ஒரு வைரவர் சூலம். அதாலை திரும்புங்கோ.” போடாமல் வைத்திருந்த படம் ஒன்றையும் அனுப்பினாள். புத்தூர் வெங்காயத் தோட்டம், பெண்கள் தூரத்தில், முகம் தெரியாது.

“சூலம் இருக்கு. தோட்டத்திலை புகையிலை.”

“இன்னும் உள்ளுக்குப் போங்கோ. கிணத்துக்குப் பின்னாலை ஒரு கை ஒழுங்கை. மோட்டச்சைக்கிளை விட்டிட்டு நடக்கோணும்.”

அந்த ஒழுங்கை நெடுக நடந்தால் கடைசியில் ஒரு முள்வேலி வரும். அவளுக்கு அது தெரியும்.

போன் அடித்தது. அம்மா. தனுஷிகா நிறுத்தினாள். மறுபடி அம்மா, மறுபடி நிறுத்தினாள். மூன்றாவதாக அடித்தது பாலேஸ்வரியின் இலக்கம். ஆனால் கதைத்தது அவள் இல்லை.

“அக்கா, நான் உதயகலா.”

“தங்கச்சி, என்னை மன்னிச்சுக்…”

“அதை விடுங்கோ. அவன் இப்ப எங்கை நிக்கிறான்?”

“புத்தூரிலை.”

“மெசேஜ் போடுறானோ?”

“ஓம், கேட்டுக்கொண்டு இருக்கிறான்.”

“கேக்க விடுங்கோ. கேக்கிறதை நிப்பாட்டினானெண்டால் விளங்கியிட்டுது எண்டு அர்த்தம். அவன் சத்தம் போடேக்கை பயமில்லை, பேசாமல் இருக்கேக்கைதான்.” லொறியின் இரைச்சல் கேட்டது. “லொறி வந்திட்டுது. பிள்ளையை நேசறியிலை எடுத்துக்கொண்டு அப்பிடியே போறம்.” வைத்துவிடுவாள் என்று தனுஷிகா நினைத்தாள். வைக்கவில்லை. “பத்து மாதமாக் கடைத்தெருப் பக்கம்கூட நான் போகேல்லை, அக்கா. ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

பதில் சொல்ல முன் அழைப்பு அறுந்தது.

பத்து இருபது. அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பத்து இருபத்தைந்து. தனுஷிகா இன்னொரு படம் அனுப்பினாள். “இந்தக் கிணறு தெரியுதோ, அண்ணை?” அவன் பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. ஒருவன் வந்து இருமல் பாணி கேட்டான். அவள் கைக்கு அகப்பட்ட போத்தலைக் கொடுக்க, முத்துக்குமாரு அதை வாங்கி வைத்துவிட்டுச் சரியானதைக் கொடுத்தார்.

பத்து முப்பத்தொன்றுக்கு வந்தது.

“நீ பொய் சொல்லுறாய். உன்ரை வாசல் எனக்குத் தெரியும்.”

அவள் பாலேஸ்வரிக்கு எழுதினாள்: “வெளிக்கிட்டிட்டான்.” உடனே பதில் வந்தது: “அவையும் லொறியிலை போயிட்டினம்.”

முத்துக்குமாரு எழுந்து கதவுக்குக் கையைக் கொண்டுபோனார். “பூட்டிப்போட்டு நீ வீட்டை போ, பிள்ளை. பொலிசுக்கு நான் சொல்லுறன்.”

“சொல்லுங்கோ ஐயா. ஆனால் பூட்ட வேண்டாம்.”

“உனக்கென்ன விசரோ?”

“பூட்டியிருந்தால் அவன் வெளியிலை ஒவ்வொருத்தராக் கேப்பான். நேசறியைக் கேப்பான், லொறியைக் கேப்பான். எங்கடை சனம் சொல்லிப் போடும் ஐயா, நல்ல மனதோடை சொல்லிப் போடும், நான் சொன்ன மாதிரி. அவன் இஞ்சை வரட்டும். அவனுக்கு இப்ப என்னிலைதான் கோபம்.”

தனுஷிகா கதிரையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முத்துக்குமாரு பொலிசுக்குப் போன் எடுத்தார். வருகிறோம் என்றார்களாம்.

பொலிசுக்கு முன்னம் வந்தது தோட்டம். பாலேஸ்வரி முன்னுக்கு, பின்னால் வெங்காயம் கட்டுகிற பெண்கள் ஆறு பேர், காலில் மண்ணோடும் இடுப்பில் செருகிய சீலையோடும் வரிசையாக ஏறி வாங்குப் பலகையில் நெருங்கி இருந்தார்கள். இடம் போதாதவர்கள் வாசற்படியில் குந்தினார்கள். கடை முழுக்க வெங்காய மணம்.

“என்னடி முழுசுறாய்?” என்றாள் பாலேஸ்வரி. “பிறஷர் பாக்க வந்தனாங்கள். பார்.”

தனுஷிகா பிறஷர் பார்க்கிற பட்டியை எடுத்து அவள் கையில் சுற்றினாள். அப்போதுதான் மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது.

அவன் எதிர்ப்பக்கம் நிறுத்தினான். சேட்டில் முள் கிழித்த கோடு ஒன்று. இறங்க ஒரு காலை ஊன்றியவன், வாசலைப் பார்த்து அப்படியே நின்றான். அவனுக்குத் தெரிந்த வாசலில் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் அவனைத் திட்டவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், வெங்காயத்தில் அழுகல் பார்க்கிற மாதிரி நிதானமாக. அவன் ஒவ்வொரு முகமாகத் தேடினான். தேடின முகம் இல்லை.

“தம்பி!” என்று பாலேஸ்வரி கூப்பிட்டாள். “உமக்கும் பிறஷர் பாக்கோணுமோ? முகமெல்லாம் சிவந்திருக்கு. வாரும், வந்து இரும்.”

படியில் இருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவனுடைய தாடை இறுகியது. அவனுடைய கண் தனுஷிகாவில் வந்து நின்றது, அவள் பட்டியைப் பிடித்தபடி திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அவன் ஊன்றிய காலை எடுத்தான், மோட்டச்சைக்கிளை உதைத்தான், யாழ்ப்பாணப் பக்கம் திரும்பிப் போனான்.

சத்தம் தேய்ந்து இல்லாமல் போனது. ஒருவரும் எழும்பவில்லை.

“எவ்வளவு காட்டுது?” என்றாள் பாலேஸ்வரி.

“நூற்று எழுபது.”

“கழட்டாதை. அவன் திரும்பி வரக்கூடும். பொலிஸ் வருமட்டும் இன்னொருக்காப் பார்.”

தனுஷிகா காற்றைத் திறந்துவிட்டு, பட்டியை அதே கையில் மறுபடி சுற்றத் தொடங்கினாள்.